ஒரு டிவிஷனுக்கு எத்தனை பிறந்தநாள்?

கேள்வி: ஐயா, உக்ரைன் போர்ச் செய்திகளில் ரஷ்யாவின் ‘தமான் டிவிஷன்’ என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததில் குழப்பமே மிச்சம். 1940-இல் தொடங்கியது என்கிறது ஒரு நூல். 1957 என்கிறது இன்னொன்று. 2009-இல் கலைத்துவிட்டார்கள் என்கிறது மூன்றாவது. கலைத்த படை 2022-இல் போருக்குப் போனது எப்படி? எல்லாம் ஒரே படைதானா, அல்லது பெயர் மட்டும் ஒன்றா?

– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள் ஐயா. நீங்கள் படித்த மூன்று நூல்களுமே பொய் சொல்லவில்லை. 2013 என்று நான்காவது தேதி ஒன்றும் இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. குழப்பம் தேதிகளில் இல்லை, ‘டிவிஷன்’ என்றால் என்ன என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படத்தில் இருக்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். டிவிஷன் என்பது தனியாக நின்று போரிடும் அளவுக்கு எல்லா உறுப்புகளும் கொண்ட பெரிய படைப்பிரிவு. சோவியத் காலத்து மோட்டார் துப்பாக்கி டிவிஷனில் முழு அளவில் சுமார் 12,000 பேர். ‘மோட்டார் துப்பாக்கி’ என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர். பிற நாடுகளில் இயந்திரமயக் காலாட்படை என்பார்கள். நடந்து போகாமல் கவச வாகனத்தில் ஏறிப் போய் இறங்கிச் சண்டையிடும் காலாட்படை. அதற்குள் மூன்று துப்பாக்கி ரெஜிமென்டுகளோடு ஒரு முழு டாங்கி ரெஜிமென்ட், பீரங்கி ரெஜிமென்ட், விமான எதிர்ப்பு ரெஜிமென்ட் எல்லாம் அடக்கம். (ரெஜிமென்ட் என்றால் டிவிஷனுக்கு அடுத்த கீழ்ப்படி, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்.) பெயரில் துப்பாக்கிதான் இருக்கிறது, ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட டாங்கிகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இனி அந்தத் தவறான படத்துக்கு வருவோம். படை என்றால் ஆட்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்தது, போருக்குப் போனது, சிலர் இறந்தார்கள், சிலர் ஓய்வு பெற்றார்கள், மிச்சப்பேர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அப்படியே தொடர்ந்தது என்று. தமான் டிவிஷனை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். எங்கும் பொருந்தாது.

1940-இல் கார்கிவ் நகரத்துப் பக்கம் 127-ஆம் துப்பாக்கி டிவிஷன் என்ற பெயரில் இது உருவானது. ஆம், இன்றைய உக்ரைனின் கார்கிவ்தான். எண்பத்திரண்டு ஆண்டு கழித்து எந்த மாகாணத்தில் சண்டையிடப் போயிற்றோ அதே மாகாணத்தில் பிறந்த படை. அப்போது அது மோட்டார் படையும் அல்ல. நடைதான், பாரத்துக்குக் குதிரை வண்டிதான். 1941-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு துப்பாக்கி டிவிஷனுக்கு 14,483 பேர் இருக்கவேண்டும். அது காகிதக் கணக்கு. போர் தொடங்கிய பிறகு பல சோவியத் டிவிஷன்கள் மூவாயிரம், நான்காயிரம் பேரோடு களத்தில் நின்றன. மீண்டும் ஆள் நிரப்பப்பட்டன, மீண்டும் தேய்ந்தன. நான்கு ஆண்டுப் போரில் இப்படி நிரம்பித் தேய்ந்த ஒரு டிவிஷனில், 1940-இல் சேர்ந்தவர்களில் 1945 வரை நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, ஆட்கள் இல்லையென்றால் எண்ணா? எண்ணும் நிலைக்கவில்லை. 127, பிறகு 2, பிறகு 23, மறுபடி 2. ஊரா? கார்கிவில் பிறந்து, போருக்குப் பிறகு மாஸ்கோவுக்கு அருகே அலாபினோவில் குடியேறியது. ஆயுதமா? குதிரை வண்டியில் தொடங்கி டாங்கியில் வந்து நிற்கிறது. எதைத் தொட்டாலும் மாறியிருக்கிறது.

மாறாதது ஒன்றுதான்: கொடி.

இதைக் கேட்டுப் புன்னகைக்காதீர்கள், இது கவிதை அல்ல, சட்டம். சோவியத் படை விதிகளில் இரண்டு வரிகள் உண்டு. படைக்கொடியானது, பெயரும் எண்ணும் எப்படி மாறினாலும், அந்தப் படைக்கே உரியதாகத் தொடரும் என்பது ஒன்று. கொடி பறிபோனால் தளபதியும் பொறுப்பானவர்களும் விசாரணைக்கு உள்ளாவார்கள், படை கலைக்கப்படும் என்பது மற்றொன்று. அதாவது பத்தாயிரம் பேர் மடிந்தாலும் கொடி இருந்தால் டிவிஷன் உயிரோடு இருக்கிறது. பத்தாயிரம் பேர் நலமாக இருந்து கொடி போனால் டிவிஷன் செத்துவிட்டது. பழைய நாடகக் கம்பெனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் மாறுவார், முதலாளி மாறுவார், முகாம் போடும் ஊர் மாறும். பெயர் எழுதிய திரைச்சீலை எவரிடம் இருக்கிறதோ அவரே கம்பெனி.

இந்த விதி வெறும் காகிதத்தில் இருந்ததல்ல என்பதற்கு வேறொரு டிவிஷனின் கதையைச் சொல்லவேண்டும். 24-ஆம் ‘இரும்பு’ டிவிஷன் என்று ஒன்று இருந்தது. ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே பேர் வாங்கியது. 1941-இல் ஜெர்மானியர் முற்றுகையில் சிக்கிச் சிதறியது. கொடி காணவில்லை, டிவிஷனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதே எண்ணில் பிறகு ஒரு புதிய டிவிஷன் உருவாயிற்று, ஆனால் பழைய பட்டங்கள் அதற்கு இல்லை. பிறகு பெலாருஸ் பகுதியை மீட்டபோது ஒரு விவசாயி வந்து விஷயத்தைச் சொன்னார். இறந்து கிடந்த ஓர் அதிகாரியின் உடலில் கொடி சுற்றியிருந்தது, அதை மண்ணுக்குள் மறைத்து வைத்தேன் என்றார். தோண்டி எடுத்தார்கள். செப்பனிட்டு அப்போதைய 24-ஆம் டிவிஷனிடம் ஒப்படைத்தார்கள். 1944-இல் பழைய பட்டங்களும் திரும்பின. முந்தைய 24-இல் இருந்தவர்கள் பெரும்பாலும் இல்லாத ஒரு படை, ஒரு துணி கிடைத்ததால் சட்டப்படி பழைய படையாகிவிட்டது.

தமானுக்குத் திரும்புவோம். அதன் கொடியில் எழுதப்பட்டவை இரண்டு பெரும் கௌரவங்கள். முதலாவது ‘கார்ட்ஸ்’. 1941 ஆகஸ்ட் இறுதியில் ஸ்மொலென்ஸ்க் அருகே யெல்னியா என்ற சிற்றூரைச் சுற்றி ஜெர்மானியர் பிடித்திருந்த முனைப்பகுதியை ஜெனரல் ஷூக்கோவின் படைகள் தாக்கி, செப்டம்பர் தொடக்கத்தில் ஊரை மீட்டன. பின்வாங்கலைத் தவிர வேறெதுவும் நடக்காத அந்தக் கோடையில், இழந்த மண்ணைத் திரும்பப் பிடித்தது ஸ்டாலினுக்குப் பெரும் செய்தி. செப்டம்பர் 18-ஆம் தேதி நான்கு டிவிஷன்களுக்குக் கார்ட்ஸ் பட்டம் அளிக்கப்பட்டது. நம் 127-ஆம் டிவிஷன் அன்றுதான் 2-ஆம் கார்ட்ஸ் துப்பாக்கி டிவிஷன் ஆயிற்று.

இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்ட்ஸ் என்றால் மெய்க்காவல் படை. ஜார் மன்னர்களின் மாளிகைக் காவலுக்கென மகா பீட்டர் உருவாக்கிய மரபு. 1918-இல் போல்ஷெவிக்குகள் அதை ஒழித்தார்கள். இருபத்திமூன்று ஆண்டு கழித்து, எதிரி மாஸ்கோவை நெருங்கிய நேரத்தில், ஒழித்தவர்களே அதைத் தூசிதட்டி எடுத்தார்கள். பட்டத்தோடு பணமும் வந்தது: கார்ட்ஸ் அதிகாரிகளுக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம், சாதாரண வீரர்களுக்கு இரட்டிப்பு.

இரண்டாவது கௌரவம் ‘தமான்’. பலரும் இதை டிவிஷன் இருக்கும் ஊர் என்றோ, வீரர்களின் சொந்த ஊர் என்றோ எண்ணுகிறார்கள். இரண்டும் இல்லை. கருங்கடலுக்கும் அசோவ் கடலுக்கும் நடுவே, கிரிமியாவை எதிர்நோக்கி நீளும் தீபகற்பம் தமான். 1943 அக்டோபர் 9-ஆம் தேதி அங்கிருந்து ஜெர்மானியரை முழுமையாக விரட்டினார்கள். அந்தச் சண்டையில் பங்கெடுத்த பல படைகளுக்கு அந்த ஊர்ப்பெயர் பட்டமாயிற்று. ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று ஜெர்மானியர் அழைத்த பெண் விமானிகளின் 46-ஆம் குண்டுவீச்சு ரெஜிமென்டும் தமான் பட்டம் பெற்றதுதான். நம் டிவிஷன் அங்கிருந்து கிரிமியாவுக்குள் இறங்கி, 1944-இல் செவஸ்தபோலில் போரிட்டு, பின் பால்டிக் பக்கம் போய்ச் சேர்ந்து, கிழக்குப் பிரஷ்யாவில் போரை முடித்தது. இந்த வழித்தடம் இன்றும் அதன் ரெஜிமென்டுகளின் பெயர்களில் இருக்கிறது: 1-ஆம் ரெஜிமென்டுக்கு செவஸ்தபோல் பட்டம், 15-ஆம் ரெஜிமென்டுக்கு ஷாவ்லி பட்டம். ஷாவ்லி என்பது லிதுவேனியாவின் ஷௌலியாய் நகரத்துக்குப் பழைய பெயர்.

போர் முடிந்ததும் எண் விளையாட்டு தொடங்கிற்று. 1953-இல் இயந்திர டிவிஷனாக மாற்றி 23 என்று எண் கொடுத்தார்கள். 1957-இல் சோவியத் தரைப்படை முழுவதும் மறுசீரமைக்கப்பட்டது. காலாட்படைகளெல்லாம் மோட்டார் துப்பாக்கி டிவிஷன்கள் ஆயின. இதுவும் 23-ஆம் கார்ட்ஸ் மோட்டார் துப்பாக்கி டிவிஷன் ஆனது. நீங்கள் படித்த இரண்டாவது நூல் இந்தத் தேதியைத்தான் பிறப்பு என்று எழுதியிருக்கிறது. மோட்டார் துப்பாக்கிப் படையாகப் பிறந்த தேதி என்று பார்த்தால் அதுவும் சரி. 1964-இல், போரில் பேர் வாங்கிய எண்களைத் திருப்பித் தரும் வேலை நடந்தபோது 2 என்ற பழைய எண் மீண்டது.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன்: ஏன் கலைத்தார்கள், ஏன் திரும்பக் கொண்டுவந்தார்கள்?

பலர் சொல்லும் விடை அரசியல். தமானும், பக்கத்தில் உள்ள கந்தெமிரோவ் டாங்கி டிவிஷனும் மாஸ்கோவை ஒட்டி இருப்பதால் ‘அரண்மனை டிவிஷன்கள்’ என்று கேலிப்பெயர் பெற்றவை. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிரான சதிக்காரர்கள் இவற்றைத்தான் நகருக்குள் வரவழைத்தார்கள். போரிஸ் யெல்த்சின் ஏறி நின்று பேசிய அந்தப் புகழ்பெற்ற டாங்கி தமானுடையது; மேஜர் யெவ்தோகிமோவின் டாங்கி பட்டாலியன் சதிக்காரர்களை விட்டு யெல்த்சின் பக்கம் வந்து நின்றது. அதே டிவிஷனின் இன்னொரு கவச வாகன வரிசை நகரத்துச் சுரங்கப்பாதை ஒன்றில் மக்கள் கூட்டத்தோடு மோதியதில் மூன்று பேர் இறந்தார்கள். ஒரே டிவிஷன், ஒரே வாரம். 1993 அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கும் யெல்த்சினுக்கும் மோதல் முற்றியபோதும் தமான் மாஸ்கோவுக்குள் வந்தது. இப்படிப்பட்ட படையைத் தலைநகருக்கு அருகே வைத்திருக்க ஆட்சியாளர் பயந்து கலைத்துவிட்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் அந்தக் காரணத்தால் கலைப்பதென்றால் பதினெட்டு ஆண்டு காத்திருப்பானேன்? அதோடு, 2009-இல் தமான் மட்டும் போகவில்லை. ரஷ்யத் தரைப்படையின் டிவிஷன்கள் ஏறக்குறைய அத்தனையும் ஒரே மூச்சில் போயின. குரில் தீவுகளில் இருந்த 18-ஆம் இயந்திரத்துப்பாக்கி-பீரங்கி டிவிஷன்தான் முக்கிய விதிவிலக்கு.

உண்மைக் காரணம் இன்னும் சுவையானது. சோவியத் டிவிஷன்களில் பெரும்பாலானவை முழு டிவிஷன்கள் அல்ல, கூடுகள். ‘காடர்’ டிவிஷன் என்பார்கள்: அதிகாரிகள் இருப்பார்கள், டாங்கிகள் கிடங்கில் எண்ணெய் பூசிக் கிடக்கும், சிப்பாய்கள் இருக்கமாட்டார்கள். பெரும் போர் வந்தால் முன்னாள் சிப்பாய்களை ஊரிலிருந்து அழைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1941-இன் பாடம் அதுதான்: முதல் படை அழியும், இரண்டாம் படை தயாராக இருக்கவேண்டும். 1979-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போன டிவிஷன்கள் சில இப்படித்தான் மத்திய ஆசிய ஊர்களிலிருந்து ஆள் பிடித்து நிரப்பப்பட்டன. சோவியத் யூனியன் உடைந்த பிறகு நிரப்ப ஆளும் குறைந்தது, பணமும் இல்லை. கூடுகள் மட்டும் நின்றன, உள்ளே கர்னல்களோடு.

2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவோடு ஐந்து நாள் போர். ரஷ்யா வென்றது, ஆனால் வென்ற விதம் தளபதிகளுக்கே பிடிக்கவில்லை. முழுத் தயார் நிலையில் இருந்த படைகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அப்போதைய தலைமைத் தளபதி நிக்கொலாய் மகாரோவ் வெளிப்படையாகச் சொன்னார். பாதுகாப்பு அமைச்சர் அனத்தோலி செர்த்யுக்கோவ் முன்பு மரச்சாமான் வியாபாரத்தில் இருந்தவர். அதிகாரிகள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் முக்காலியை வைத்துப் பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். ஆனால் கணக்கு தெரிந்தவர். தரைப்படையின் 1,890 அலகுகளை 172 ஆகக் குறைக்கும் திட்டத்தை அந்த அக்டோபரில் அறிவித்தார். கூடுகள் போகவேண்டும், இருப்பவை முழுமையாக இருக்கவேண்டும். டிவிஷனுக்குப் பதில் பிரிகேடு: மூவாயிரம், நான்காயிரம் பேர் கொண்ட, உடனே கிளம்பக்கூடிய படை. தமான் டிவிஷன் 2009-இல் கலைந்து அலாபினோவில் 5-ஆம் பிரிகேடு ஆயிற்று. கவனியுங்கள், அந்தப் பிரிகேடும் தமான் என்ற பட்டத்தை விடவில்லை.

என் கருத்தைக் கேட்டால், செர்த்யுக்கோவின் திட்டம் அவர் எதிர்பார்த்த போருக்குச் சரியானது. ஜார்ஜியா போன்ற சிறிய, விரைவான போர். 2012 நவம்பரில் அவர் பதவி இழந்து செர்கேய் ஷோய்கு வந்தார். அடுத்த மே மாதம் தமானும் கந்தெமிரோவும் டிவிஷன்களாக மீண்டன. மே 9-ஆம் தேதி வெற்றிவிழா அணிவகுப்பில் செஞ்சதுக்கத்தில் அவற்றை நடக்கவிட்டார்கள். தேதியைப் பார்த்தாலே தெரியும், அது போர்த் திட்டத்தைவிட விழாத் திட்டம். பழைய அதிகாரிகளின் மனத்தைக் குளிர்விப்பதும் நோக்கம். அந்த ஆண்டே அலாபினோவில் டாங்கி ஓட்டப்போட்டியும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு இந்திய ராணுவ அணியும் அங்கு போய்க் கலந்துகொண்டது.

விழாவாகத் தொடங்கியது 2014-க்குப் பிறகு கொள்கையாயிற்று. உக்ரைன் எல்லையை ஒட்டி 2016 முதல் புதிய டிவிஷன்கள் முளைத்தன. அதில் ஒன்றுக்கு 150 என்று எண். 1945-இல் பெர்லின் ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் ஏற்றிய கொடி 150-ஆம் துப்பாக்கி டிவிஷனுடையது. அந்த டிவிஷனை 1946-இலேயே கலைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டு கழித்து ரஸ்தோவ் மாகாணத்தில் அதே எண்ணும் பட்டமும் எழுந்து வந்தன. தமானுக்கு இடைவெளி நான்கே ஆண்டு, நடுவில் ஒரு பிரிகேடு விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டது. 150-க்கு அப்படி எதுவும் இல்லை. எனவே உங்கள் ‘பெயர் மட்டும் ஒன்றா?’ என்ற சந்தேகத்துக்குத் தமானைப் பொறுத்தவரை விடை ‘இல்லை’. 150-ஐப் பொறுத்தவரை தயங்காமல் ‘ஆமாம்’ என்பேன்.

கொடி மரபுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மேலே சொன்ன 24-ஆம் இரும்பு டிவிஷன் சோவியத் யூனியன் உடைந்தபோது மேற்கு உக்ரைனில் இருந்தது. உக்ரைன் படையாகவே ஆகி, இன்று டான்யலோ மன்னர் பெயரில் 24-ஆம் இயந்திரமயப் பிரிகேடாக ரஷ்யாவை எதிர்த்துப் போரிடுகிறது. உக்ரைன் 2016-இல் தன் படைகளிலிருந்து கார்ட்ஸ் பட்டங்களை நீக்கியது. ரஷ்யாவோ 2018-இல் தன் படைகளுக்கு லிவீவ், ஷித்தோமிர், பெர்லின் என்று வெளிநாட்டு ஊர்ப் பட்டங்களைப் புதிதாக வழங்கிற்று.

2022 பிப்ரவரியில் தமான் டிவிஷன் 1-ஆம் கார்ட்ஸ் டாங்கிச் சேனையின் அங்கமாக உக்ரைனின் வடகிழக்கில் நுழைந்தது. (அந்தச் சேனையும் 1990-களில் கலைந்து 2014-இல் எழுந்ததுதான், இந்த நோய் பரம்பரை.) அதிலும் ஒரு நுட்பம்: டிவிஷன் முழு உருவில் போகவில்லை. ஒவ்வொரு ரெஜிமென்டிலிருந்தும் ‘பட்டாலியன் போர்க்குழு’ என்று அறுநூறு முதல் எண்ணூறு பேர் கொண்ட கலவைக் குழுக்களைக் கிள்ளி அனுப்பினார்கள். டாங்கியும் பீரங்கியும் நிறைய, இறங்கி நடக்கும் காலாள் மிகக் குறைவு. மோட்டார் துப்பாக்கி டிவிஷனில் துப்பாக்கி பிடிக்க ஆளில்லை என்ற நிலை. செப்டம்பரில் உக்ரைனின் எதிர்த்தாக்குதலில் அந்தச் சேனை கார்கிவ் மாகாணத்தை விட்டுப் பின்வாங்கியது.

அதே மாதம் 21-ஆம் தேதி புடின் மூன்று லட்சம் பேரைப் படைக்கு அழைக்க உத்தரவிட்டார். அவர்களை ஏற்று, உடை கொடுத்து, பயிற்சி தந்து, அதிகாரியின் கீழ் நிறுத்தவேண்டிய கூடுகளைத்தான் 2009-இல் வீண்செலவு என்று அகற்றியிருந்தார்கள். டிசம்பரில் ஷோய்கு பல பிரிகேடுகளை மறுபடி டிவிஷன்களாக்கப் போவதாக அறிவித்தார். ஆகவே இனி வரும் செய்திகளில் கேள்விப்படாத எண்களோடு டிவிஷன்கள் தென்பட்டால், முதலில் அதன் கொடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அப்புறம் ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்று. இரண்டு விடைகளும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.